நானோகுழாய் வலைப் படலத்தில் வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் ஏன் குறைகிறது?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்த் தூளை வாங்கி, சோப்புநீரில் அதிர்வு கொடுத்துக் கலக்கி, ஆக்சைடு பூசிய சிலிக்கான் துண்டின்மேல் வலைபோலப் படியவைத்திருக்கிறீர்கள். 20 மைக்ரான் இடைவெளியில் இரண்டு தங்க மின்முனைகள். அடியிலுள்ள சிலிக்கானே கேட், அதாவது மின்னழுத்தம் கொடுத்து மேலே ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் முனை. கேட் மின்னழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் மின்னோட்டம் பாதியாகக் குறைகிறதே தவிர அணைவதில்லை. ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் சில நிமிடங்களில் 3, 4 சதவீதம் இறங்குகிறது, அணைத்தபின் மெல்லத்தான் மீள்கிறது. சிவப்பு லேசர் சுட்டியை அடித்தால் சட்டென்று ஏறுகிறது, எடுத்தால் சட்டென்று விழுகிறது. "இது உலோகமா, குறைக்கடத்தியா? ஒளி பட்டால் மின்னோட்டம் கூடத்தானே வேண்டும், பின் ஏன் ஒரு விளக்குக்குக் குறைகிறது?" என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்விபோல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நீங்கள் அளப்பது குழாயைத்தானா, இல்லை குழாயைச் சுற்றியிருக்கும் வேறொன்றையா?

நான் பல வருடங்கள் இத்தகைய படலங்களைச் செய்து, மின்முனை வைத்து, அளந்து, பாதி நேரம் ஏமாந்தவன். ஆய்வகக்காரன்; கணக்கீட்டுக் கோட்பாட்டில் என் கை அவ்வளவு நீளாது. ஆகவே நான் சொல்வதில் எது பலரும் சோதித்து உறுதியானது, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகக் கடக்கிறேன். நானோகுழாய் என்பது கிராஃபீன் எனும் ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளின் சுருள்; அதை எந்தக் கோணத்தில் சுருட்டினோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிக்கிறோம். அவற்றின் வித்தியாசம் 3 ஆல் வகுபட்டால் குழாய் உலோகம், இல்லையென்றால் குறைக்கடத்தி. பிரிக்காமல் விற்கும் தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகம். குறைக்கடத்திக் குழாயின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் கடத்தும் நிலைக்கு ஏறத் தாண்டவேண்டிய ஆற்றல்) விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 1 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. உங்கள் சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு தனிக்குழாயை எடுத்து நல்ல மின்முனை வைத்தால், அதன் மின்தடை எவ்வளவு முயன்றாலும் 6.5 கிலோ ஓமுக்குக் கீழே போகாது. அது குவாண்டம் எல்லை. ஒரு மைக்ரான் நீளமுள்ள நல்ல உலோகக் குழாய் அதைப்போல் இரண்டு மடங்கு என்ற அளவில் இருக்கும். ஆனால் ஒரு குழாயின்மேல் இன்னொரு குழாய் குறுக்கே படுத்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ எலக்ட்ரானுக்கு லட்சக்கணக்கான ஓம் தடை. 2000இல் பெர்க்லியில் இதை நேரடியாக அளந்தார்கள். உலோகத்தின்மேல் உலோகம், குறைக்கடத்தியின்மேல் குறைக்கடத்தி என்றால் பரவாயில்லை. உலோகத்தின்மேல் குறைக்கடத்தி விழுந்தால் அங்கே ஷாட்கி தடுப்பு (உலோகமும் குறைக்கடத்தியும் தொடும் எல்லையில் எழும் ஆற்றல் சுவர்) உருவாகி, கடத்துதிறன் இன்னும் நூறு மடங்கு அளவுக்குச் சரிகிறது. குழாய் ஆறுவழிச்சாலை என்றால் குறுக்குச் சந்திப்பு ஒவ்வொன்றும் டோல்கேட். பயணம் எவ்வளவு நேரமாகும் என்பதைச் சாலை தீர்மானிப்பதில்லை, டோல்கேட் வரிசைதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் வலைப் படலத்தின் மின்தடையைப் பார்த்துக் குழாயின் தரத்தைச் சொல்ல முடியாது. சோப்பு சரியாகக் கழுவப்படாமல் சந்திப்புகளில் ஒட்டியிருந்தாலே மின்தடை பல மடங்கு ஏறிவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. இதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது. ஒரு மேசைமேல் தீக்குச்சிகளைக் கண்டபடி இறைக்கிறோம். ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்புவரை குச்சிக்குக் குச்சி தொட்டுக்கொண்டே ஒரு பாதை முதன்முதலில் எப்போது கிடைக்கும்? குச்சியின் நீளத்தை நீளத்தால் பெருக்கி, அதனால் 5.64ஐ வகுத்தால் வரும் அடர்த்தியில். உங்கள் குழாய்கள் 1 மைக்ரான் நீளம் என்றால், ஒரு சதுர மைக்ரானுக்கு 5 அல்லது 6 குழாய் இருந்தால் வலை உயிர் பெறுகிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனால் மூன்றில் ஒன்று உலோகம் அல்லவா? உலோகக் குழாய்கள் மட்டும் தமக்குள் தொட்டுக்கொண்டு ஒரு பாதை போட, மொத்த அடர்த்தி மூன்று மடங்கு, அதாவது ஏறக்குறைய 17 வேண்டும். ஆக 6க்கும் 17க்கும் நடுவே ஒரு சன்னல். அதற்குள் நின்றால் மின்சாரம் எங்காவது ஒரு குறைக்கடத்திக் குழாயைக் கடந்தே ஆகவேண்டும்; கேட் அந்தக் குழாயைப் பிடித்து மொத்தத்தையும் அணைக்கலாம். 17ஐத் தாண்டினால் உலோகப் பாதை தானே திறந்துவிடும். பிறகு கேட் என்ன செய்தாலும் அந்தப் பாதையில் ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் சாதனம் அணையாமல் பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: படலம் அடர்த்தியாகிவிட்டது. அது உலோகமும் அல்ல, குறைக்கடத்தியும் அல்ல. இரண்டும் இணையாக ஓடும் ஒரு வலை. கேட்டுக்கு மசியும் பாதி குறைக்கடத்திப் பாதைகளுடையது, மசியாத பாதி உலோகப் பாதைகளுடையது. இன்னும் நீர்த்த கரைசலை ஊற்றிப் பாருங்கள். 2003இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் இப்படிப் பிரிக்காத குழாய்களை வைத்தே, அடர்த்தியை மட்டும் சரியாகப் பிடித்து, நன்றாக அணையும் மென்படல டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். இன்று 99 சதவீதம் குறைக்கடத்தி என்று பிரித்த குழாய்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் உலோகப் பாதை திறக்க அதே கணக்கில் சதுர மைக்ரானுக்கு 560க்கு மேல் வேண்டும் என்பதால் கவலையின்றி அடர்த்தியாகப் போடலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீளம் சூத்திரத்தில் இருமடியாக வருகிறது. அதிர்வுத் தொட்டியில் "இன்னும் அரைமணி ஓடட்டும், நன்றாகக் கலங்கும்" என்று விட்டுவிட்டுத் தேநீருக்குப் போவோமே, அப்போது குழாய்கள் ஒடிகின்றன. நீளம் பாதியானால் அதே வலைக்கு நான்கு மடங்கு குழாய் வேண்டும், நான்கு மடங்கு குழாய் என்றால் டோல்கேட்டும் கூடுகிறது. மறுபக்கம், குழாய்கள் தனித்தனியாக இல்லாமல் கற்றையாகத் திரண்டிருந்தால் இந்த எண்களெல்லாம் தளர்ந்துவிடும். ஒரு கற்றையில் பத்துக் குழாய் இருந்தால் அதில் ஒன்றாவது உலோகமாக இருக்கும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். 5.64 என்பது நேரான, தடிமனில்லாத குச்சிக்குக் கணித்த எண். வளைந்து நெளிந்த உண்மைக் குழாய்க்கு அதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், திசைகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒளி. சிலிக்கானில் ஃபோட்டான் எனும் ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடும், மின்னோட்டம் கூடும். நம் எல்லோர் தலையிலும் இருக்கும் படம் இதுதான். நானோகுழாயில் அப்படி நடப்பதில்லை. குழாய் மெல்லியது, சுற்றிலும் காற்று, எலக்ட்ரானுக்கும் துளைக்கும் நடுவிலுள்ள ஈர்ப்பை மறைக்க ஆளில்லை. இரண்டும் கட்டிப்பிடித்தபடி எக்ஸிட்டானாக நிற்கின்றன. 2005இல் இரட்டை ஃபோட்டான் சோதனைகள் அந்தப் பிணைப்பு ஆற்றலை 0.4 எலக்ட்ரான் வோல்ட் அளவில் காட்டின. அறை வெப்பம் தரும் ஆற்றல் 0.025தான். அதாவது வெப்பத்தால் அதைப் பிரிக்க முடியாது. வெளியிலிருந்து வலுவான மின்புலம் வேண்டும்: மின்முனை தொடும் ஓரத்திலோ, உலோகக் குழாயும் குறைக்கடத்திக் குழாயும் சந்திக்கும் இடத்திலோ. கற்றைக்குள் பக்கத்தில் ஒரு உலோகக் குழாய் இருந்துவிட்டால் எக்ஸிட்டான் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஆற்றலை அதனிடம் கொடுத்துவிட்டு வெப்பமாகிப் போகும். 2002இல் ரைஸ் பல்கலைக்கழகத்தார் நானோகுழாயின் ஒளிர்வை முதலில் பார்த்ததே கற்றைகளைப் பிரித்துச் சோப்பு உறைக்குள் தனித்தனியே வைத்த பிறகுதான். உங்கள் படலத்தில் பிரியும் எக்ஸிட்டான் மிகக் கொஞ்சம். ஆகவே "ஒளிக்கடத்தி" என்ற விளக்கம் கடைசியில்தான் வரவேண்டும், முதலில் அல்ல.

பின் புற ஊதா டார்ச்சுக்கு ஏன் குறைகிறது? காற்றில் வைத்த நானோகுழாய் துளைகளால் கடத்துகிறது. அதற்குக் காரணம் ஆக்சிஜன். 2000இல் வெளிவந்த அளவீடுகள், அறையிலிருந்து ஆக்சிஜனை எடுத்தால் மின்தடையும் வெப்பமின் திறனின் (வெப்பநிலை வித்தியாசத்தால் எழும் மின்னழுத்தத்தின்) குறியும்கூட மாறுவதைக் காட்டின. புற ஊதா ஒளி அந்த ஆக்சிஜனைக் கழற்றிவிடுகிறது. துளைகள் குறைகின்றன, மின்னோட்டம் இறங்குகிறது. விளக்கை அணைத்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி வந்து ஒட்ட நேரம் எடுக்கிறது, அதனால்தான் மெல்ல மீள்கிறது. 2001இல் ஸ்டான்ஃபோர்டில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அலைநீளம் குறையக் குறைய விளைவு வலுக்கும். உங்கள் வரைபடத்தில் நிமிடக் கணக்கான இறக்கமும் அதைவிட மெதுவான ஏற்றமும் இருப்பதால் இதையே முதல் சந்தேகமாக வைப்பேன். நிரூபிப்பது எளிது: வெற்றிடத்தில் வைத்து அதே டார்ச்சை அடியுங்கள். மின்னோட்டம் இறங்கும், ஆனால் அணைத்தபின் ஏறாது. காற்றை உள்ளே விட்டால்தான் ஏறும். அப்படி நடந்தால் வழக்கு முடிந்தது.

லேசர் சுட்டிக்குச் சட்டென்று ஏறுவது வேறு கதை, இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருமுறை என் சாதனத்தின் மின்னோட்டம் தினமும் மதியம் படிபோல இறங்கி, ஒரு மணிநேரம் கழித்துப் படிபோல ஏறியது. ஈரப்பதம் என்றேன், மின்சார வாரியம் என்றேன், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், ஊசிமுனை வைக்கும் மேசையின் மைக்ரோஸ்கோப் விளக்கை நான் எப்போதும் எரியவிட்டுப் போகிறேன். சாப்பாட்டு நேரத்தில் யாரோ சிக்கனம் கருதி அணைத்துவிட்டு, திரும்பி வரும்போது போடுகிறார்கள். நல்லது, வெளிச்சத்துக்கு என் நானோகுழாய் பதில் சொல்கிறது என்று துள்ளினேன். அதுவும் தவறு. பதில் சொன்னது சிலிக்கான்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் வலை உறிஞ்சுவது விழும் ஒளியில் ஒன்றிரண்டு சதவீதம்கூட இருக்காது. மீதியில் பெரும்பகுதி ஆக்சைடைக் கடந்து சிலிக்கானில் போய் விழுகிறது. அங்கே எலக்ட்ரானும் துளையும் தாராளமாகப் பிரிகின்றன, ஆக்சைடு எல்லையில் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பக்கத்தில் படுத்திருக்கும் நானோகுழாய் ஒரு கேட் மின்னழுத்தமாகவே உணர்கிறது. யாரோ கேட் குமிழைத் திருகியதுபோல. ஏறுமா இறங்குமா என்பது சிலிக்கானின் வகையையும் நீங்கள் நிற்கும் கேட் புள்ளியையும் பொறுத்தது. இதைப் பிடிக்கப் புதுக் கருவி வேண்டாம். கேட் மின்னழுத்தம் மாற மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற கேட் வளைவை வரைந்து, சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்திலும் தட்டையாக இருக்கும் இடத்திலும் லேசரை அடித்துப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் ஒளிச்சைகை பெரிதாகவும் தட்டையான இடத்தில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், ஒளி கேட்டாக வேலை செய்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அதே கரைசலைக் கண்ணாடித் துண்டில் படியவைத்துப் பாருங்கள். சட்டென்ற ஏற்றம் காணாமல் போனால் குற்றவாளி அடித்தளம். தொலைத்தொடர்பில் பயன்படும் 1310 அல்லது 1550 நானோமீட்டர் லேசர் டயோடும் நல்ல வழி, அந்த அலைநீளத்தை சிலிக்கான் உறிஞ்சாது. உங்கள் குழாய்களின் விட்டத்துக்கு அந்த அலைநீளத்தில் உறிஞ்சல் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் என்ற மூன்றாவது வழியையும் பலர் சொல்வார்கள். படலம் சூடானால் சந்திப்புகளில் தாவல் எளிதாகிறது, மின்தடை குறைகிறது. 2006இல், வெற்றிடத்தில் அந்தரத்தில் தொங்கவிட்ட படலத்தில் அகச்சிவப்பு ஒளிக்கான பதில் பெரும்பாலும் இந்த வெப்ப வழிதான் என்று காட்டினார்கள். சூடு வெளியேற வழியில்லாததால் விளைவு பல மடங்கு பெருத்தது. ஆனால் உங்கள் படலம் சிலிக்கான்மேல் ஒட்டிக்கிடக்கிறது. சிலிக்கான் சூட்டை நன்றாக வாங்கிப் பரப்பிவிடும். சில மில்லிவாட் சுட்டி அங்கே ஒரு டிகிரிகூட ஏற்றாது. என் படலங்களில் ஒரு டிகிரிக்கு மின்தடை மாறியது 0.1 சதவீதம் என்ற அளவில்தான். ஆகவே உங்கள் விஷயத்தில் வெப்பத்தைத் தள்ளிவைக்கலாம். பிளாஸ்டிக் தாளுக்கு மாறினால் மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். மின்னழுத்தமே கொடுக்காமல், ஒளிப்புள்ளியை இடது மின்முனையிலிருந்து வலதுக்கு நகர்த்தும்போது மின்னோட்டத்தின் குறி மாறி, நடுவில் பூஜ்யமாகிறதா என்றும் பாருங்கள். அது வெப்பமின் விளைவாகவோ மின்முனை ஓரத்து மின்புலமாகவோ இருக்கும். இரண்டையும் பிரிப்பது சிரமம், பெரிய ஆய்வகங்களே அதில் சண்டைபோட்டிருக்கின்றன.

இப்போது உறுதியில்லாத பக்கம். ஆக்சிஜன் விளைவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அது குழாயின் உடம்பில் துளைகளைக் கூட்டுகிறதா, அல்லது தங்கமும் குழாயும் தொடும் இடத்திலுள்ள தடுப்பை மாற்றுகிறதா என்பதில் ஆரம்பம் முதலே இரண்டு கட்சி உண்டு. ஐபிஎம் ஆட்கள் மின்முனைப் பக்கம் நின்றார்கள். பிறகு வந்தவர்கள், ஆக்சைடின்மேல் படிந்த நீர்ப்படலமும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேதிவினை என்றார்கள். 20 மைக்ரான் இடைவெளியில் நூற்றுக்கணக்கான சந்திப்புகள் இருக்கும் உங்கள் வலையில் மின்முனையின் பங்கு குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இடைவெளியை 5, 10, 20, 40 மைக்ரான் என்று மாற்றி அளந்தால் ஊகம் தேவையில்லை. நீர்ப்படலம் பொய்யல்ல என்பதற்கு உங்கள் கையிலேயே சாட்சி இருக்கும்: கேட்டை மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு ஓட்டினால் ஒரு வளைவு, திரும்பி ஓட்டினால் பல வோல்ட் தள்ளி இன்னொரு வளைவு. மழைக்காலத்தில் அந்த இடைவெளி அகலும். ஆக்ரிலிக் பாலிமர் ஒன்றை மேலே பூசினால் பெருமளவு சுருங்கும்.

இன்னொன்று. உறிஞ்சல் நிறமாலையின் (எந்த அலைநீள ஒளியைப் படலம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடத்தின்) முதல் முகட்டை எடுத்து "இதுதான் ஆற்றல் இடைவெளி" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அது எக்ஸிட்டானின் ஆற்றல். மின்சாரம் சந்திக்கும் இடைவெளி அதைவிடப் பிணைப்பு ஆற்றல் அளவுக்குப் பெரியது. ஆனால் அந்த முகடு வேறொரு வேலைக்கு மிக உதவும். 1.4 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு முதல் முகடு 1700, 1800 நானோமீட்டர் பக்கமும் இரண்டாவது 1000 பக்கமும் வரும். கண்ணாடிமேல் படியவைத்த படலத்தை நைட்ரிக் அமில ஆவியில் காட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்: முதல் முகடு கரைந்து போயிருக்கும், இரண்டாவது கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், மின்தடை பாதிக்கும் கீழே போயிருக்கும். அமிலம் எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிட்டதால் மேல்நிலைக்குத் தாவ அந்தப் படியில் ஆளில்லை. வெற்றிடத்தில் சூடாக்கினால் முகடு திரும்பி வரும், மின்தடையும் ஏறும். ஒளியளவீடும் மின்னளவீடும் ஒரே எலக்ட்ரானைப் பற்றிப் பேசும் அரிய இடம் இது. உங்கள் படலம் இப்போது காற்றால் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இந்த முகட்டின் உயரமே சொல்லிவிடும்.

படலத்தை ஒளி ஊடுருவும் மின்முனையாகவும் பயன்படுத்தலாமா என்று கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். முடியும், 2004இலேயே ஃபுளோரிடா குழுவினர் வடிகட்டித் தாளில் படலம் பிடித்து, தாளைக் கரைத்துவிட்டு, 50 நானோமீட்டர் தடிமனில் சதுரத்துக்கு 30 ஓம் (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை) காட்டினார்கள். ஆனால் ஒளி ஊடுருவல் 70 சதவீதத்தை ஒட்டித்தான். 90 சதவீத ஊடுருவலோடு 100 ஓமுக்கு இறக்க நல்ல நீளமான குழாயும் அமிலமும் வேண்டும், அமிலத்தின் விளைவு நாளாக நாளாக மங்கும். வளையாத கண்ணாடித் திரைக்கு, வழக்கமான ஒளி ஊடுருவும் மின்முனைப் பொருளான இந்தியம் டின் ஆக்சைடையே வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எதற்கும் நேரமில்லை என்றால் மூன்று வரைபடம் மட்டும் எடுத்துப் போடுங்கள்: இருட்டுப்பெட்டிக்குள் கேட் வளைவு இரு திசையிலும், வெற்றிடத்தில் புற ஊதா டார்ச்சுக்கு அரைமணி நேர மின்னோட்டம், கண்ணாடித் துண்டின்மேல் லேசர் சுட்டி. கேட் வளைவின் அச்சில் எந்தப் பக்கம் முதலில் ஓட்டினீர்கள் என்று அம்புக்குறி போட மறக்காதீர்கள். அது இல்லாமல் வந்த வரைபடங்களைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை.